பால்கோவாவும் முசுறுக் கூடும்

பூச்சிகளை நேசிக்க வேண்டும் என்று முழங்குகிறவர்கள் பெரும்பாலும் கொசுவலைக்குள் தூங்குகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்.

பி.எட். முடித்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். தேறினால் அறிவியல் டீச்சர். தேறாவிட்டால் ராஜபாளையத்தில் அப்பா பேசி வைத்திருந்த பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுத வேண்டும். எனக்கோ கணக்கு என்றாலே காய்ச்சல் வரும்.

பாடம், 'பூச்சிகள் நம் நண்பர்கள்'. மற்றவர்கள் சார்ட் காட்டுவார்கள், நாம் உயிரோடு காட்டுவோம் என்று எனக்கொரு ஞானோதயம். சித்தப்பாவின் மாந்தோப்பில் இலைகளை ஒட்டிக் கட்டியிருந்த ஒரு முசுறுக் கூட்டை (கடித்தால் விடாத செவ்வெறும்பு) அப்படியே வெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டேன். "ஏட்டி, அதத் தொடாத!" என்று சித்தப்பா கத்தியது காதில் ஏறவில்லை. மூச்சு முட்டுமே என்று மூடியில் ஓட்டை வேறு போட்டேன். சரியான பதில் சொல்லும் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கிய பால்கோவாவையும் அதே பையில் வைத்தேன். (இதில் அறிவியல் பட்டதாரி வேறு!)

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

"எறும்பப் பாத்தா என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"நசுக்கிருவோம் மிஸ்!" என்றது மொத்த வகுப்பும்.

"கூடாது. அதெல்லாம் நம்ம நண்பர்கள்" என்றபடி பைக்குள் கையை விட்டேன். பால்கோவா வாசனைக்கு ஓட்டை வழியாக வெளியேறியிருந்த நண்பர்கள் என் கை வழியே ஏறி ரவிக்கைக்குள் புகுந்தார்கள். ஒருவர் கழுத்தில் கடித்தார். பட்டென்று அடித்தேன்.

"மிஸ், நண்பரக் கொன்னுட்டீங்க!"

நான் குதித்த குதியில் பாட்டில் விழுந்து மூடி திறந்துகொண்டது. தலைமையாசிரியை பெஞ்சின் மேல் ஏறி நின்றார். வேலை போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

வன்னியம்பட்டியிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் நகரவே இல்லை. "அதோட வீட்டப் பிச்சிட்டு வந்திருக்கீங்கல்ல? பொறவு கடிக்காதா?" என்றாள். "அங்க பாருங்க மிஸ், கிழிஞ்ச இலைய எல்லாஞ் சேந்து இழுத்துப் பிடிக்குது!"

மொத்த வகுப்பும் குனிந்து பார்த்தது. கேள்விகள் வந்து விழுந்தன. சொறிந்துகொண்டே பதில் சொன்னேன். ஒரு பிள்ளைகூட ஒன்றையும் நசுக்கவில்லை.

பெஞ்சின் மேலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. "அந்த வெள்ளையா இருக்கது என்னது?"

"இலைய ஒட்டுற நூல் மேடம். அதோட புழு விடுறது."

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜூன்ல வந்து சேருங்க. அந்தப் பாட்டில மட்டும் கொண்டு வராதீங்க."

பள்ளியில் எனக்கு 'முசுறு மிஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. என் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் மண்டப வாசலில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் 'கல்யாணம் இங்கதானா?' என்று கேட்டார்கள். கேட்டது மாப்பிள்ளையிடம். பெயர் வந்த கதையையும் அவர்களே அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் நான் கோபத்தில் கத்த ஆரம்பித்தால் அவர் பதிலுக்குக் கத்துவதே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு, "தப்பு எம்மேலதான், கூட்டக் கலைச்சிட்டேன்" என்பார்.