என் இடது காலும் உன் வண்டியின் டார்க் கன்வர்ட்டரும்

அன்பும் அறிவும் பொறுமையும் நிறைந்த என் அக்கா மகனுக்கு (பொறுமையை இந்தக் கடிதத்தின் நலன் கருதி நானே சேர்த்தேன்), உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அம்மா என்னைவிட நலம். அவ்விடம் உன் நலமும், நீ கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் நலமும் அறிய ஆவல். உன் காரும் இப்போது நலம். அந்த "இப்போது" என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் கடைசி வரை நான்தான் பேசுவேன்.

நீ கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போக மட்டும்தான் இந்த வண்டி. ஏதாவது ஆச்சுன்னா சம்பளத்துக்கு டிரைவர் போட்டுடுவேன், பார்த்துக்குங்க" என்றாய். சம்பளத்துக்கு டிரைவர்! பேக்கரி வேனைச் சந்து பொந்தெல்லாம் ஓட்டி, ஒரு பன்கூட நசுங்காமல் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தவன் நான் (நசுங்கியதை வழியிலேயே தின்றுவிடுவேன், அதனால் கணக்கில் வராது). வேனை விட்டு இறங்கிய பிறகு என்னை நம்பி யாரும் எதையும் எங்கேயும் கொண்டுபோகச் சொன்னதில்லை. இப்போது அக்கா பின்சீட்டில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறாள், நான் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போகிறேன். அந்த வேலை என் கையை விட்டுப் போகக் கூடாது. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அன்றைக்குக் காலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வண்டி உறுமுகிறது, ஆனால் நகரவில்லை. அடியிலிருந்து அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு வாசனை. நான் உடனே இறங்கி, பானெட்டைத் திறந்து, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். தெருவே கூடி என் திறமையை வியந்து பார்த்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான் வந்தார், அவரும் தன் வண்டியை வெளியே எடுக்க வழி கேட்டு வந்தவர். கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவருக்கு எங்கள் பக்கத்தில் எண்ணெய் டாக்டர் என்று பெயர். கியர்பாக்ஸ் எண்ணெயை மோந்து பார்த்தே வியாதி சொல்வார். வந்தார், அளவுக்கம்பியை உருவினார், மோந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணே, எண்ணெய் கருகிப் போச்சு. டார்க் கன்வர்ட்டர் அவுட்டு. வேற மாத்தணும்" என்றார்.

நீ பாலத்துக்குக் கம்பிக் கணக்குப் போடுகிற இன்ஜினியர், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, நான் விளக்குகிறேன். இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வை. ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அந்தக் காற்றுக்குப் பதில் எண்ணெய். அந்த இரண்டையும் ஒரு வயிறு பெருத்த இரும்புச் சட்டிக்குள் போட்டு மூடிவிட்டால், அதுதான் டார்க் கன்வர்ட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சுக்குப் பதில் இந்தச் சட்டிதான் இன்ஜின் பலத்தைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. இதை மெக்கானிக்குக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். (அவர்தான் எனக்குச் சொன்னார். ஆனால் நான் திருப்பிச் சொன்னபோது இன்னும் தெளிவாக இருந்தது.)

மெக்கானிக் பழைய சட்டியைக் கழற்றி, அதன் மேல் இருந்த நம்பரை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதி, "இதே நம்பர், இதே ஸ்டால் ஸ்பீடு. வேற எதையும் கையில தொடாதீங்கண்ணே" என்றார். ஸ்டால் ஸ்பீடு என்றால், இன்ஜின் எவ்வளவு சுற்றினால் சட்டி வண்டியைப் பிடித்து இழுக்கும் என்பதன் அளவு. இதை அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். தலை ஆடினால் உள்ளே ஏதோ போகிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

உதிரிபாகக் கடையில் மேஜை மேல் மூன்று சட்டிகளை வரிசையாக வைத்தார்கள். ஒன்று, விபத்தில் போன வண்டியிலிருந்து கழற்றியது. அதைப் பார்த்தாலே எனக்குத் துக்கம் விசாரிக்கத் தோன்றியது. இன்னொன்று, பிரித்துப் பழுது பார்த்து மறுபடி மூடியது, என் உள்ளங்கை நம்பரேதான், ஆனால் மங்கலான சாம்பல் நிறம். மூன்றாவது நீல நிறத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. அதன் ஸ்டால் ஸ்பீடு மற்றதைப்போல இரண்டு பங்கு. மிக்ஸி வாங்கும்போது எது பெரிய நம்பரோ அதை வாங்கிப் பழகியவன் நான். என் விரல் தானாக நீலத்தின் மேல் போய் நின்றது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு சார் இது? நீங்க ரேஸ் ஓட்டுறவரா?"

மருமகனே, என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பன் வண்டிக்காரர் என்றார்கள், லேட்டாக வருகிறவர் என்றார்கள். ரேஸ் ஓட்டுகிறவர் என்று ஒரு மனிதர், அதுவும் கண்ணாடி போட்டவர், கேட்கிறார். "ஆமா, அப்பப்ப" என்றேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அதற்குப் பிறகு சாம்பல் நிறத்தை எப்படியப்பா கேட்பது?

மெக்கானிக் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "அண்ணே, இது ரேஸ் வண்டிக்குப் போடுறது. வீட்டு வண்டிக்கு ஆகாது." இந்த இடத்தில் உன் பேரைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன், கோபப்படாதே. "என் மருமகன் சொல்லி வாங்கினது. அவன் இன்ஜினியர்" என்றேன். என்ன இன்ஜினியர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "படிச்சவங்க சொன்னா நான் என்னத்தைச் சொல்ல" என்று முனகிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். ஆகவே அவர் உனக்குப் போன் பண்ணித் திட்டினால் கொஞ்சம் வாங்கிக்கொள்.

மறுநாள் அக்காவோடு கிளம்பினேன். மெதுவாக மிதித்தால் வண்டி கத்துகிறது, இடத்தை விட்டு அசையவில்லை. இன்னும் மிதித்தேன், ஊரே கேட்கக் கத்தியது. இன்னும் மிதித்ததும் தவளை மாதிரி ஒரே பாய்ச்சல். பின்சீட்டிலிருந்து அக்கா, "என்னடா இது, சத்தம் மட்டும் பெரிசா வருது, ஒரு அடி நகர மாட்டேங்குது. அப்படியே உன்னை மாதிரியே இருக்குடா" என்றாள். சிக்னலில் நின்றால், பக்கத்தில் பைக்கில் இருந்த இரண்டு பேர் நான் போட்டிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர்களும் உறுமினார்கள். பச்சை விழுந்தது. அவர்கள் பறந்தார்கள். நான் அங்கேயே நின்று இன்னும் உறுமிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு தண்ணீர் லாரிக்காரர் இறங்கி வந்து, "சார், கோபம் தீர்ந்ததும் சொல்லுங்க, போகலாம்" என்றார்.

பிசியோதெரபி நிலையத்துக்கு முன்னால் ஒரு சரிவுப்பாதை உண்டு, உனக்குத் தெரியும். அதில் பாதி ஏறி வண்டி நின்றுவிட்டது. கத்துகிறது, நடுங்குகிறது, பழைய வாசனை மறுபடி வருகிறது. வாட்ச்மேன் ஓடிவந்து, "யார் கூட சார் சண்டை?" என்கிறார். அக்கா கதவைத் திறந்தாள், ஊன்றுகோலை எடுத்தாள், விறுவிறுவென்று சரிவில் நடந்து என் காரை முந்திக்கொண்டு மேலே போய்விட்டாள். அந்த பிசியோதெரபிப் பெண் வாசலில் நின்று கை தட்டுகிறது, "அம்மா, இவ்வளவு தூரம் ஊன்றுகோலை ஊனாமலே வந்துட்டீங்களே!" என்று. ஆக, அந்த நீலச் சட்டி ஒரு மருத்துவக் கருவி என்று நான் வாதாடலாம். வாதாடினேன். அக்கா கேட்கவில்லை.

மறுபடி எண்ணெய் டாக்டர். இந்தத் தடவை, "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்று ஏறினார். பத்தடி போயிருப்போம்.

"அண்ணே, இடது கால் எங்க இருக்கு?"

"இருக்கவேண்டிய இடத்துலதான்."

"பிரேக் மேல இருக்கு."

குனிந்து பார்த்தேன். இருந்தது. என்னப்பா செய்வது? வாழ்க்கை முழுக்கக் கிளட்சு மிதித்த கால். இந்த வண்டியில் அதற்கு வேலை இல்லை. வலது கால் உழைக்க, இடது கால் சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கப் பாவமாக இல்லையா? அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொண்டுவிட்டது. ஒரு கால் போகச் சொல்ல, ஒரு கால் நிற்கச் சொல்ல, நடுவில் அகப்பட்ட சட்டி கொதித்தே செத்திருக்கிறது. "பழசு தானா சாகலைண்ணே, நீங்கதான் கொன்னிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, என் இடது செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டார். வெறுங்கால் பிரேக்கில் பட்டால் சில்லென்று உறைக்குமாம்.

சாம்பல் நிறச் சட்டியை வாங்க மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து, "ரேஸ் முடிஞ்சுதா சார்?" என்றார். "ஜெயிச்சாச்சு" என்றேன். நீலச் சட்டி இப்போது என் வீட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது.

சரியான கன்வர்ட்டர் போட்டதும் வண்டி எப்படி ஓடியது தெரியுமா! நேற்று அக்காவோடு பட்டுப்போல ஓட்டினேன். அந்தச் சரிவில் ஒரு சத்தமும் இல்லாமல் ஓட்டினேன். திருப்பத்தில் ஒரே கையால் ஓட்டினேன். எதிரே வந்த பஸ் டிரைவர் வணக்கம் வைத்துவிட்டுப் போனார், அப்படி ஓட்டினேன். ஆகவே சம்பளத்துக்கு டிரைவர் தேடுகிற சிரமம் உனக்கு வேண்டாம். இனி அவசியமே இல்லை என்பதை இந்தக் கடிதத்தின் மூலம் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ கட்டும் பாலம் ஆடாமல் நிற்கவும், நீ நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் வாழவும், உன் மேலதிகாரி என்னைப்போல் ஒருவராக இல்லாமல் இருக்கவும் மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த (சில நாள் தூக்கிய)
தாய்மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "நேத்து வண்டியை யாருடா ஓட்டினது?" என்றாள். "ஒரு பேச்சுக்கு எழுதினேன்க்கா" என்றேன். "பேச்சு போதும். உள்ளதை எழுது. நான் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் உள்ளது: மெக்கானிக் என்னை அதட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா, "அப்போ இந்த வண்டிக்கு இடது கால் வேண்டவே வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதே அவள் ஓட்டிய பழைய கார்தான், கிளட்சு மிதித்தால் இடது முழங்கால் வலிக்கிறது என்று விட்டவள், அதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன், அவள் மறக்கவில்லை. லைசென்சும் செல்லுபடியில்தான் இருக்கிறது. பிசியோதெரபிப் பெண்ணும் டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு சாவியை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "பக்கத்து சீட்டுல ஆள் இல்லாம நான் யார்கிட்டடா பேசிட்டுப் போறது, ஏறு" என்றாள். ஏறினேன். எனவே வாழ்த்துக்கு முந்தைய பத்தியில் "ஓட்டினேன்" என்று வருகிற இடத்திலெல்லாம் "உட்கார்ந்திருந்தேன்" என்று படித்துக்கொள்ளவும்.