கோணேஸ்வரியின் கடைவாய்ப் பல்

மூன்றாவது தட்டுக்கு மாவைப் பிழியும்போதே கோணேஸ்வரிக்குப் பல்லுக்கொதி தொடங்கிவிட்டது. இடது தாடையில் பிடித்துக் காதுவரை ஏறியது. இடியப்ப உரலை வைத்துவிட்டுக் குந்தினால் இறங்கியது. எழும்பிப் பிழிந்தால் மறுபடியும் வந்தது.

"இடியப்பம் பிழியப் பல்லு ஏன் நோகுது?" என்று கேட்டாள்.

"பல்லைக் கடிச்சுக்கொண்டு பிழிஞ்சா நோகாமல் வேறென்ன செய்யும்?" என்றார் கணவர் கதிரவேல், கதிரையில் சாய்ந்தபடி.

வருத்தங்களைப் பற்றி அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடையதுதான். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் அவரிடம் இருந்தன. போதாததற்கு, அடைபட்ட இருதயக் குழாயை விரிக்கச் சுருளும் வைத்திருந்தார்கள். அவருக்காக உப்பும் எண்ணெயும் குறைத்துச் சமைத்ததையே கோணேஸ்வரியும் தின்றாள். அவளுடையது ஈர்க்கு மாதிரி உடம்பு. விடியப்புறம் இடியப்பம் அவித்து, துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடைகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அந்த வீட்டில் இருதயம் என்று ஒன்று இருந்தால் அது கதிரவேலுடையது.

"கராம்பு வை," என்றார் அவர்.

வைத்தாள். பல் முரசு வெந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கும்போது கொதி இன்னும் மோசமாக வந்தது.

"சைக்கிள் குலுக்குது, பல்லு ஆடுது. நடந்து போ."

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொதி தாடையிலிருந்து தோளுக்கு இறங்கி, இடது கைவழியே ஓடியது.

"இது கூடை தூக்கின உளைவு," என்று அதற்கும் காரணம் சொன்னார் கதிரவேல்.

அவளுக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கதிரவேலின் வருத்தங்களுக்குப் பக்கத்தில் ஒரு பல்லைக் கொண்டுபோய் நிறுத்த வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் மகள் தேனுகாதான் பிடித்து இழுத்துக்கொண்டு பல் டொக்டரிடம் போனாள். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.

"எந்தப் பல்லம்மா?"

"எல்லாம்."

"இப்ப நோகுதா?"

"இப்ப இருக்கிறன்தானே. இருந்தா நோகாது."

"அப்ப இருங்கோவன்!" என்று சிரித்தார் டொக்டர். பிறகு கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி கண்டார். அந்தப் பல்லை ஊசி போட்டுப் பிடுங்கினார்.

மகள் அவளை அடுப்படிப் பக்கம் விடாமல் இரண்டு நாள் படுக்க வைத்தாள். கொதி வரவே இல்லை.

"பாத்தியா?" என்றார் கதிரவேல், தானே பிடுங்கியதுபோல.

மூன்றாம் நாள் உரலை எடுத்தாள். கொதி திரும்பி வந்தது. இந்த முறை குந்தியும் இறங்கவில்லை.

"பக்கத்துப் பல்லாக்கும்," என்றார் அவர். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

கோணேஸ்வரி அறைக்குள் போனாள். அவருடைய மருந்துப் பெட்டியிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க அவருக்குக் கொடுத்த அஸ்பிரின் குளிசைகள் மூன்றை விழுங்கினாள். கொதி நிற்கவில்லை. பின்னேரம் பல் பிடுங்கின காயம் வாய் திறந்து இரத்தம் கொட்டத் தொடங்கியது. ஒரு துவாய் நனைந்து, அடுத்த துவாயும் நனைந்தது. தேனுகா வேலைக்குப் போயிருந்தாள். கதிரவேல் ஓட்டோ பிடித்து மனைவியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

வாசலில் இறங்கும்போது இரத்தத்தைப் பார்த்த கதிரவேலுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவுதான், சிற்றூழியர் ஒருவர் ஓடிவந்து தள்ளுகதிரையில் அவரை ஏற்றிவிட்டார்.

"எனக்கில்லை, அவவுக்கு..." என்றார் கதிரவேல்.

"கதைக்காதேங்கோ ஐயா. கதைச்சால் இதயத்துக்குக் கூடாது."

வாயில் துவாயோடு கோணேஸ்வரி பின்னால் ஓடினாள். கையில் கதிரவேலின் செருப்பு.

"இவவுக்கு என்ன?" என்று தாதி கேட்டாள்.

கோணேஸ்வரி வாயைக் காட்டினாள்.

"பல்லுக்கு வந்தவ. அங்கால இருக்கட்டும்."

கதிரவேலின் நெஞ்சில் வயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. சட்டையைப் பூட்டிக்கொண்டு அவர் எழும்பியபோது, மனைவி சுவரோடு சறுக்கி நிலத்தில் கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் செருப்பு அப்படியே இருந்தது.

அவளை அதே கட்டிலில் தூக்கிப் போட்டு, அதே வயர்களை ஒட்டினார்கள். மெஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்த தாதி டொக்டரைக் கூப்பிட ஓடினாள். கதிரவேல் அவள் விரல்களை விரித்துத் தன் செருப்பை எடுத்தார்.

கோணேஸ்வரி பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு வார்ட்டுக்கு மாற்றினார்கள். டொக்டர் கட்டிலோரம் வந்து நின்றார்.

"சீனி இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரோல் இல்லை. சிகரெட், குடி?"

"ஐயோ, இல்லை."

"குடும்பத்தில ஆருக்கும்?"

"இல்லை."

"ஒண்டும் இல்லாத ஆக்களுக்கும் வரும், அம்மா. உங்களுக்கு வந்தது ஹார்ட் அட்டாக். இருதயத்தில ஒரு பகுதி செத்துப்போச்சு."

"செத்த பகுதி திரும்பி வருமா, டொக்டர்?"

"வராது. இனி உரல், கூடை, சைக்கிள் ஒண்டும் ஏலாது."

டொக்டர் போன பிறகும் கோணேஸ்வரி தன் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணோரம் ஒரு துளி வழிந்து தலையணையில் விழுந்தது. கதிரவேலுக்கு அதைப் பார்க்க ஏலவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் போதும் என்று நினைத்தார்.

"இஞ்சேர், நெஞ்சு வருத்தத்துக்குப் பல்லுப் புடுங்கின மனுசி உலகத்திலயே நீ ஒருத்திதான்!"

கோணேஸ்வரி சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். ரபீக்கா என்று பெயர். அவளும் நெஞ்சு வருத்தக்காரிதான். கோணேஸ்வரியைப் போலவே ஒட்டி உலர்ந்த உடம்பு. அவள் மெல்லத் திரும்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதிரவேலைப் பார்த்தாள்.

"எனக்கு மூணு புடுங்கின, அண்ணே. என்ட கூடப்பொறந்த ராத்தாவ வாயில ஒரு பல்லுமில்லாமத்தான் மண்ணுக்குள்ள அடக்கின."