வீக்கம் வற்றிய ஞாயிறு

இனி என் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. என் பெண்டாட்டி வடிவு அப்போது கடைக்குப் போயிருந்தாள்.

பின்னே என்ன? வாரமெல்லாம் அம்பத்தூர்ப் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறேன். ஞாயிறு வந்தால் நெமிலிச்சேரியில் மச்சான் தசரதன் வீட்டு ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். மச்சான் மூட்டு வீக்கத்துக்குத் தைலம் காய்ச்சி விற்கிறார். அதற்கு நொச்சி இலை அரைப்பது யார்? தங்கையைக் கட்டிய பாவி! பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சிநேகிதன் உத்தமன் சீட்டுக்கட்டும் புது டிரான்சிஸ்டருமாக எனக்காகக் காத்துக் கிடந்தான்.

ஞாயிறு காலையில், பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த மெஷின் துடைக்கும் பஞ்சை முழங்காலில் வைத்துத் துணியால் சுற்றினேன். முழங்கால் பூசணிக்காய் ஆனது.

“இன்னாய்யா இது?”

“வீங்கிக்கீது வடிவு. ஓரடி வைக்க முடியல. நீ மட்டும் போய்ட்டு வா.”

“ஐயோ பாவம். கால்ல தானே?”

“பின்ன?”

“கை நல்லாத்தானே கீது?”

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த கரிசனத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

“வீக்கத்துல காத்து படக்கூடாது,” என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். நான் உள்ளே. சீட்டு ஏரிக்கரையில்.

மத்தியானம் கதவு திறந்தது. வடிவு. அவள் பின்னால் தலையில் நொச்சி மூட்டையும் கையில் தைலப் பையுமாக மச்சான். அவர் பின்னால் பக்கத்து வீட்டு நாகம்மாளும் பாதித் தெருவும்.

“அல்லாரும் பாத்துக்கோங்க. இதான் வீக்கம்!” என்றாள் வடிவு.

“அய்ய, இம்மாம் பெருசா!” என்றாள் நாகம்மாள்.

வடிவு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி என் முன்னால் உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பஞ்சை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, தைலத்தை நாலு தேய் தேய்த்துவிட்டு நகர்ந்தாள். முழங்கால் பளபளவென்று மின்னியது.

“அண்ணே, நெசமாவே வலி பூட்ச்சா?” என்று நாகம்மாள் என்னைக் கேட்டாள்.

தெருவே என் வாயைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால் வீக்கம் எங்கே என்பார்கள். உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

“பூட்ச்சும்மா.”

“எனக்கு ரெண்டு புட்டி!”

“எங்க மாமியாருக்கு ஒண்ணு!”

கொண்டுவந்த தைலம் அத்தனையும் பறந்தது. கிடைக்காதவர்களுக்கு அடுத்த வாரம் தருவதாக வடிவு வாக்குக் கொடுத்தாள். மச்சான் மூட்டையை எங்கள் ஆட்டுக்கல் பக்கத்தில் இறக்கினார்.

“மாப்ளே, ராசியான காலு உனுக்கு. இனிமே வேலையெல்லாம் இங்கியே வச்சிக்கலாம்.”

பொழுது சாயும்வரை அரைத்தேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. அழுகை வந்தது. பக்கத்தில் சாறு பிழிந்துகொண்டிருந்த வடிவு குரலைத் தாழ்த்தினாள்.

“யோவ், அடுத்த ஞாயித்துக்கெழம உனுக்கு இடுப்பு புடிச்சிக்கட்டும். அண்ணன் அதுக்கும் ஒரு தைலம் காச்சிக்கீது.”