காதர் பாயை மாடியிலிருந்து இறக்கிய கதை

சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டுகிற வேலை பார்த்தவன் நான். கப்பலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று உயரத்தில் இருக்கிற கிரேன்காரருக்குத் தெரியாது. என் கைதான் அவருக்குக் கண். ரிட்டயர் ஆனபிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? தெருவில் எவன் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் ஓடிப்போய்க் காட்டினேன். என் மனைவி ஸ்டெல்லா அடுப்பிலிருந்து குக்கரை இறக்கும்போதும் காட்டினேன். (அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.)

தூக்கம் போச்சு, பிரஷர் ஏறிச்சு. அந்தச் சமயத்தில்தான் ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். நடமாட முடிகிற பெரியவர்கள், முடியாத பெரியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மதமாக இருந்தாலும் சரி. மாத்திரை போட்டாரா என்று கேட்கணும், பிரஷர் பார்க்கணும், பேச்சுத்துணைக்கு உட்காரணும். “போய்ப் பாக்குற உங்க உடம்புக்கும் இது நல்லது” என்றார் நடத்துகிற சிஸ்டர். என்னைக் கேட்காமலே ஸ்டெல்லா என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எனக்குக் கிடைத்தவர் காதர் பாய். ஒரு காலத்தில் பேக்கரி நடத்தியவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாம் மாடி. மனைவி மவுத்தானபின் முட்டிவலி என்று உட்கார்ந்தவர் கீழே இறங்கவே இல்லை. முட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை, நடந்தால் சரியாகும் என்றார் டாக்டர். பாய்க்குப் படியைப் பார்த்தாலே தலை சுற்றியது.

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம பொண்ணு வருது நைனா. மாதவரத்துல அவ வூட்டுக்கு இட்டுகினு போவப் போறா. அவ மேல தப்பில்ல, தனியா வுழுந்து கெடந்தா யாரு பாக்கறதுன்னு அழுவுறா. ஆனா அங்க எனக்கு ஒருத்தரயும் தெரியாது. பகலெல்லாம் செவுத்தப் பாத்துகினு கெடக்கணும். நா கீழ எறங்கி நடமாடறத ஒரு வாட்டி பாத்தா வுட்டுருவா.”

அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

சிஸ்டரிடம் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தினம் இரண்டு படி பழக்குங்கள், தயவுசெய்து அவரைத் தூக்கிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள் என்றார். இரண்டு படியா? அந்தக் கணக்கில் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மனுஷன் இரண்டாம் மாடியைக்கூடத் தொடமாட்டார். கப்பலிலிருந்து காரையே இறக்கியவனுக்கு ஒரு பாய் எம்மாத்திரம்? டீக்கடையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டால் மகள் பார்த்துக்கொள்வாள், மற்றது தானாக நடக்கும் என்று முடிவுகட்டினேன். (இப்படி முடிவுகட்டும்போது எனக்கு வயது அறுபத்தாறு. பதினாறு இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நாலு பேரைக் கூட்டிவந்தேன். எல்லாரும் ரிட்டயர் ஆனவர்கள், எல்லாருக்கும் வீட்டில் என்னைப் போலவே மரியாதை. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில், நைலான் கயிறு. பாயை உட்காரவைத்து என் வேட்டியால் இடுப்பில் ஒரு கட்டு.

“இன்னாப்பா, என்ன ஏத்துமதி பண்றியா?” என்றார் பாய்.

கைகாட்டுகிறவன் சரக்கைப் பார்த்தபடிதான் நிற்பான். நானும் பாயைப் பார்த்தபடி, கைப்பிடியைத் தொடாமல், பின்பக்கமாகவே படி இறங்கினேன். உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கு, முஷ்டியை மடக்கித் தூக்கினால் நிறுத்து. ஒரு மாடி அழகாக இறங்கியாயிற்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடிக்கப் போனது. முஷ்டியைத் தூக்கினேன். அதே நொடி முதுகில் பளீரென்று ஒரு பிடிப்பு. தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது.

“எறக்குங்கடா” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“கையக் காட்டு” என்றான் முன்னால் பிடித்திருந்த ஜோசப்.

“கை வரலடா. வாயாலதான் சொல்றன்ல.”

“வாயாலயா? முப்பது வருசமா வாய்ப்பேச்ச நம்பாதன்னு சொன்னவன் நீதான? உன் கை நிறுத்துன்னுது.”

நாலு பேருக்கும் வியர்வை ஊற்றியது. ஒருத்தனும் அசையவில்லை. அவ்வளவு நன்றாக நான் பழக்கிவைத்திருக்கிறேன், என்னத்தைச் சொல்ல. நான் வலியில் முனக, அவர்கள் என் முஷ்டியையே பார்க்க, நடுவில் பாய் தொங்கிக்கொண்டிருந்தார்.

“அட பேஜாரு புடிச்சவனுங்களா” என்றார் பாய். வேட்டி முடிச்சை அவிழ்த்தார். காலை நீட்டிப் படியைத் தேடினார், ஊன்றினார், எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் தோளுக்குக் கீழே கை கொடுத்து, “ஒண்ணுமில்ல நைனா, மூச்ச இழுத்து வுடு” என்றார். தான் படியில் நிற்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

பிறகு என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாய் முன்னால் இறங்கினார். உள்ளங்கையைக் கீழே காட்டினார். அந்தத் துரோகிகள் உடனே கீழ்ப்படிந்தார்கள்.

கீழ்வாசலில், துணி எடுத்துப்போகப் பெரிய பையோடு அவர் மகள் நூர்ஜஹான் நின்றிருந்தாள். நடந்துவருகிற அப்பாவைப் பார்த்தாள், பின்னாலேயே நாற்காலியில் முஷ்டியோடு வருகிற என்னைப் பார்த்தாள்.

“அத்தா, நீங்களா நடந்து வர்றீங்க?”

“அத அப்பறம் பேசலாம். மொதல்ல ஆட்டோ புடி, இவன டாக்டராண்ட காட்டணும்.”

ஆட்டோவில் பாயும் ஏறினார். டாக்டர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். ஊசி போட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். நூர்ஜஹான் மெல்ல மாதவரம் பேச்சை எடுத்தாள்.

“நா வந்துட்டா இவன யாரும்மா பாத்துக்குவா?” என்றார் பாய்.

நான் முனகினேன். பாதி நிஜ வலி, பாதி பாய்க்காக. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பையைக் காலியாகவே திருப்பிக்கொண்டுபோனாள்.

சிஸ்டர் விட்ட டோஸ் தனிக் கதை. கடைசியில் என் பெயரை நடமாட முடியாதவர்கள் பட்டியலுக்குத் தள்ளி, என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் காதர் பாயிடமே கொடுத்தார். முதுகு எப்போதோ சரியாகிவிட்டது, பாய் வருவது நிற்கவில்லை. காலையில் மூன்று மாடி இறங்கி, பிரஷர் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். டீக்கடையில் இப்போது அவருக்கென்று ஒரு இடம் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் அவரைக் காணோம். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். விழுந்துகிழுந்து கிடக்கிறாரோ என்று தேடிப்போகக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது சாவகாசமாக வந்தார்.

“ஜோசப்புக்கு முட்டி வலியாம். இனிமே மொதல்ல அவன பாத்துட்டுதான் உன்ன பாக்க வருவேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷர் ஏறிவிட்டது. அதையும் அவர்தான் பார்த்தார். மெஷினை ஸ்டெல்லா பக்கம் திருப்பிக் காட்டி, “பொறாமை கொஞ்சம் ஜாஸ்தியா கீதும்மா, உப்ப கொறச்சுக் குடு” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குமட்டும் தனிக் குழம்பு. யார் விருந்துக்கு வந்தாலும் ஸ்டெல்லா காரணத்தையும் சேர்த்துத்தான் பரிமாறுகிறாள்.