தவிடு விலக்குச் சட்டம்

தவளநாடு எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கே மன்னரைத் தேர்தல் நடத்தித்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெண்சுடர்க்கோவே வெல்வார்.

ஒரு விருந்தில் அண்டை நாட்டுத் தூதர், இலையில் இருந்த சோறு ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது என்று கேட்டுவிட்டார். மன்னருக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாளே உணவு அமைச்சர் பொற்கிழார் தவிடு விலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மும்முறை தீட்டிய பச்சரிசியைத் தவிர வேறு அரிசியைக் குடிமக்கள் சமைக்கக் கூடாது. கைக்குத்தலும் புழுங்கலும் நாட்டின் மானத்துக்கு இழுக்கு. வீடு வீடாகப் போய் உலக்கைகளைப் பறிமுதல் செய்தார்கள். தவிடு அழுக்கு என்பதால் அதைக் குதிரைகளுக்கும் கைதிகளுக்கும் ஒதுக்கினார்கள். மல்லிகைப்பூப் போல வெந்த சோற்றைப் பார்த்து மக்களும் மகிழ்ந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

நான்கு மாதத்தில் கால்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. கெண்டைக்கால் வலித்தது, பாதம் வீங்கியது, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. சோறும் உப்பும் மட்டுமே தின்பவர்கள் முதலில் விழுந்தார்கள். தெருவில் விழுந்து கிடப்பது நாட்டின் அழகைக் கெடுப்பதாக இரண்டாம் சட்டம் வந்தது. அந்த நோயை இனி ‘மகிழ்ச்சிக் களைப்பு’ என்றே எழுத வேண்டும் என்று மூன்றாம் சட்டம் வந்தது.

தென்வட்டத்து அரசு மருத்துவர் அல்லியங்கோதை அப்படி எழுத மறுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் தோணிக்காரன் மருதனின் மனைவி பவளக்கொடி மூன்று மாதக் குழந்தையைத் தூக்கி வந்தாள். குழந்தை வாய் திறந்து அழுதது; சத்தம் வரவில்லை. அல்லியங்கோதை அதுபோல ஏழு குழந்தைகளை அந்த மாதம் புதைக்கக் கொடுத்திருந்தார்.

சிறைச்சாலைக்கும் அவர்தான் மருத்துவர். அங்கே கைதிகள் தவிட்டுக் கஞ்சிக்கு ஓடிவந்து வரிசையில் நிற்பதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அன்றுதான் ‘ஓடிவந்து’ என்பது அவருக்கு உறைத்தது. ஒரு மூட்டைத் தவிட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். தவிட்டை ஊறவைத்து வடித்த நீரைக் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். தாய்க்குக் கஞ்சியாகக் கொடுத்தார். இன்று நாம் தயமின் என்றும் பி1 வைட்டமின் என்றும் சொல்கிற சத்து அந்தத் தவிட்டில் இருந்தது. அவருக்கு அதன் பெயர் தெரியாது. மூன்றாம் நாள் குழந்தை தெருக்கோடிவரை கேட்கும்படி அழுதது. பவளக்கொடி குழந்தையின் வாயைப் பொத்தாமல், அழட்டும் என்று விட்டுவிட்டு, தானும் உட்கார்ந்து அழுதாள்.

அல்லியங்கோதை அமைச்சரிடம் போனார்.

“உங்க சிறையில ஒருத்தர்கூட விழலைங்க. வெளியிலதான் விழறாங்க. அரிசியில குத்தம் இல்லைங்க, தீட்டுனதுலதான்.”

“அப்படியானால் எமது தண்டனை நல்லது, எமது ஆட்சி கெட்டது என்கிறீர்களா?” என்று பொற்கிழார் கேட்டார்.

“ஆமாங்க.”

அவரைச் சிறையில் அடைத்தார்கள். காரணம் வெளியே கசிந்ததும் நடக்க முடிந்த சிலர் சிறை வாசலில் நின்று மன்னரைத் திட்டி, உள்ளே போக விலங்குக்குக் கை நீட்டினார்கள். குற்றங்கள் பெருகுவதைக் கண்டு கவலைப்பட்ட அமைச்சர், சமத்துவத்தை முன்னிட்டு, கைதிகளுக்கும் வெள்ளை அரிசி என்று ஆணையிட்டார்.

தேர்தல் நெருங்கியது. மக்களோடு மக்களாக வெறும் வெள்ளைச் சோறு மட்டும் உண்பேன் என்று மன்னர் நோன்பு அறிவித்தார். பாவம், அந்த ஒரு வாக்கை மட்டும் உண்மையாகவே காப்பாற்றினார். மூன்றாம் மாதம் படியிறங்கும்போது விழுந்தார். பரிவாரத்தின் பத்து வைத்தியர்களும் மகிழ்ச்சிக் களைப்பு என்றே எழுதிக் கொடுக்க, அவர் சிறையிலிருந்து அல்லியங்கோதையை வரவழைத்தார். மருத்துவர் தவிடு என்றார். பொற்கிழார் அதற்குச் ‘சூரியப் பொடி’ என்று பெயர் வைத்துக் கிண்ணத்தில் கலக்கிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மன்னர் நடந்தார்.

இனி சட்டத்தை எடுத்துவிடலாமே என்று அல்லியங்கோதை கேட்டார்.

“எடுத்தால் நான் தவறு செய்தேன் என்று ஆகிவிடுமே, அம்மா” என்றார் மன்னர், மிகுந்த வருத்தத்துடன். அல்லியங்கோதையைத் திரும்பச் சிறைக்கு அனுப்பினார்கள்.

தேர்தல் நாளன்று மன்னர் தலைநகர் வீதிகளில் கைவீசி நடந்து காட்டினார். மாட்டுவண்டியிலும் கட்டிலிலும் ஊன்றுகோலிலும் வந்திருந்த மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பவளக்கொடி கணவனை முதுகில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றாள். மருதனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மருத்துவர் கொடுத்துவிட்டுப் போன தவிடு குழந்தைக்கும் அவளுக்குமே போதவில்லை.

“அவரப் பாருடி,” என்றான் அவன் அவள் காதருகே. “நாம தின்ற அதே சோத்தத்தான் அவரும் தின்றாரு. எப்படி நடக்குறாரு பாரு. நம்ம ஒடம்புலதான் ஏதோ கோளாறு.”

தவிட்டைப் பற்றி அவள் எவ்வளவோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவனைச் சாவடிக்குள் இறக்கி, அவன் வாக்கை அவனே போட விட்டாள். பிறகு தன் வாக்கைப் போட்டாள்.

ஒரு வாக்கு நீங்கலாக அத்தனை வாக்கும் பெற்று வெண்சுடர்க்கோ வென்றதாக அறிவித்தார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஐவர் குழு அமைக்கப்பட்டது. அவர்கள் தென்வட்டத்துக்குப் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். இறங்கிய ஐவராலும் நிற்க முடியவில்லை.