ஐஸ் நைனாவின் டச் போன்

ராயபுரத்தில் ஐஸ் நைனாவிடம் காட்டாமல் எந்தப் புது மெஷினும் பிழைப்பு நடத்தியதில்லை. மிக்ஸியோ, மோட்டார் பம்போ, கல்யாணச் சீராக வந்த டிவியோ, எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் அவர் தட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பிளக்கில் சொருகுவார்கள். இந்தப் பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரி. அங்கே எனக்கு பில் போடுகிற வேலை. நைனா ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து அரவை மெஷினில் தள்ளுவார். நொறுங்கிய ஐஸ் படகுக்குப் போகும். ஆயுசு முழுக்க இதே வேலை செய்ததில் அவருடைய விரல் நுனியெல்லாம் காய்த்து மரமாகிவிட்டது. தீப்பெட்டி இல்லாவிட்டால் அவர் விரலில் குச்சியை உரசலாம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

டச் போன் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டியது. நைனாவுக்கு ஒன்று வந்தது. அனுப்பியவள் அவருடைய ஒரே மகள் செல்வி. எண்ணூரில் தன்னோடு வேலை பார்த்த பையனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டதால் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்று போயிருந்தது. போனைக் கொண்டுவந்த தோழி சேதியையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி கூப்பிடுவாள். அப்பா எடுத்தால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டாள்.

நைனாவின் கோபம் எப்போதோ போய்விட்டது என்பது ஊருக்கே தெரியும். எண்ணூர்ப் பக்கமிருந்து எந்த லாரி வந்தாலும் டிரைவரிடம் அங்கே தண்ணி ஒழுங்கா வருதா என்று விசாரிப்பார். மகள் முதலில் இறங்கி வரட்டும் என்று வீம்பாக இருந்தார், அவ்வளவுதான்.

போனைப் பற்றி மறுநாளே தீர்ப்பு சொல்லிவிட்டார். "பட்டனே இல்ல. அப்பாலிக்கா கெட்டுப்போறதுக்கு இன்னா கீது? நல்ல மெஷினு. என் மச்சான் மாதிரி நாளைக்கு ரெண்டு வாட்டி துன்னுது. ஆனா மச்சான வுட நல்லா வேல செய்யுது."

சார்ஜ் போடும்போது போன் சூடானது. நைனா அதை பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் பாளத்தின் மேல் படுக்க வைத்தார்.

"நைனா, கெட்டுப் போயிடும்," என்றேன்.

"மீனே ஐஸ்ல கெடாம கீது. போனு கெட்டுடுமா?"

ஆச்சரியம், கெடவில்லை. அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் நாலு பேருக்கு டச் போன் வகுப்பே எடுத்தார்.

ஒத்திகைக்காக நான் என் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டபோதுதான் வம்பு தெரிந்தது. நைனா விரலால் தேய்க்கிறார், தேய்க்கிறார், போன் அசைந்து கொடுக்கவில்லை. நான் தொட்டதும் சமத்தாக எடுத்தது.

"ஆள் தராதரம் பாக்குதுபா இது. பில்லு போட்ற வெரலப் பாத்தா இளிக்குது."

"அன்னிக்கு நானே எடுத்துத் தரேனே."

"நீ எடுத்தா உன் கோவம் போச்சுன்னுல்ல ஆவும்?"

"சரி, நீங்களே திருப்பிக் கூப்பிடுங்க."

"அப்போ நான் தோத்துட்டேன்னு ஆயிடும். வேலையப் பாரு."

சனிக்கிழமை வரை விரலை வெந்நீரில் ஊற வைத்தார். தேங்காய் எண்ணெய் தடவினார். படிக்கட்டில் வைத்துத் தேய்த்தார். போன் மசியவில்லை. ஆனாலும் அவர் தைரியம் குறையவில்லை. "நாளைக்கு அதுவே தானா எடுத்துக்கும் பாரு," என்றார்.

ஞாயிறு காலை ஃபேக்டரி வாசலில் போன் அடித்தது. ஐஸ் வாங்க வந்த படகுக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். நைனா விரலை என் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கட்டை விரல், முழங்கை எல்லாம் வைத்துப் பார்த்தார். அதுவும் ஓய்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கே அழுகை வந்தது.

மூன்றாவது முறை அடித்தது. நைனா போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, குனிந்து, மூக்கு நுனியைத் திரையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"இன்னாபா, போனுக்கு முத்தம் குட்துகினு கீறாரு," என்றான் ஒரு படகுக்காரன். யாரும் சிரிக்கவில்லை. போன் எடுத்துவிட்டது. கன்னம் எங்கேயோ பட்டு ஸ்பீக்கரும் திறந்துகொண்டது.

"நைனா..." என்றாள் செல்வி.

நைனா போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, பேச மாட்டியா?"

"நீ பேசும்மா. நான் கேட்டுகினு கீறேன்."

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். படகுகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருடைய கொக்கியை எடுத்து அன்று நான்தான் ஐஸ் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிமிர முடியவில்லை. அந்த ஆளுக்காக இன்றைக்குக் கூப்பிட்டாலும் போய் இழுப்பேன்.