கிளட்ச் மாற்றிய புருஷோத்தமன்

தவளக்குப்பம் சந்திப்பின் நட்டநடுவில் புருஷோத்தமனின் பைக் மறுபடியும் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. பின்னால் பாண்டி பஸ்.

"யோவ், அங்கயே குடியிருக்கப் போறியா?" என்றார் டிரைவர்.

புருஷோத்தமன் தலை நிமிராமல் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அதே பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அவர் மனைவி சந்திரகலா. காந்தி வீதித் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். யாரோ எவரோ என்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பேச்சைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது.

"டயர் சரியில்ல கலா. ரோட்டப் பிடிக்க மாட்டேங்குது," என்றார் அன்று மாலை.

"ஓடுற வண்டிக்கு டயர் மாத்தலாம். நின்னு போற வண்டிக்கு எதுக்குங்க? நாலு நாளு கிரவுண்டுல எட்டு போட்டுப் பழகுங்க."

லைசென்ஸ் வாங்கும்போது மச்சானின் கியர் இல்லாத ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுத் தப்பித்தவர் அவர். பாண்டி மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் ஒரு ஷிப்டையே மேய்க்கும் சூப்பர்வைசர், நரைத்த மீசையோடு கிரவுண்டில் வளைந்து வளைந்து ஓட்டுவதை யாராவது பார்த்துவிட்டால்?

டயரையே மாற்றினார். அகல டயர். வண்டி கனத்துப்போய், நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

ஹேண்டிலை மாற்றினார். திருப்பும்போதெல்லாம் அது தொப்பையில் இடித்து ஹாரன் அலறியது. சாய்வதோடு சத்தமும் சேர, மீன்கடை வரைக்கும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, வண்டில ஒரு கொறையும் இல்ல," என்றான் மெக்கானிக் கன்னியப்பன்.

"கிளட்ச்ச மாத்துப்பா. நான் சொல்றன் இல்ல."

கிளட்ச் மாறியது. அப்புறம் நடந்தது அவருக்கே நம்ப முடியவில்லை. அவர் சந்திப்பை நெருங்கும்போதெல்லாம் மற்ற வண்டிகள் ஒதுங்கி நின்றிருந்தன. அவர் பக்கம் மட்டும் திறந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. கேன்டீனில் கிளட்ச்சைப் பற்றிப் பிரசங்கமே செய்தார்.

ஹேமலதாவின் வளைகாப்பு வந்தது. சந்திரகலாவின் தங்கை.

"இன்னிக்காவது என் பின்னாடி உக்காந்து வா கலா. என் சகல வடிவேலு ஜம்முனு பைக்ல நிப்பான். நீ மட்டும் பஸ்ல போயி எறங்குனா எனக்கு எப்படி இருக்கும்?"

சந்திரகலா பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, சாமி படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினாள். கிருமாம்பாக்கத்து வீட்டிலிருந்து வழி நெடுக அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். சந்திப்பு வழிவிட்டது. அதைத் தாண்டி மண்டபம்.

இறங்கியதும், "உங்களத் தப்பா நெனச்சிட்டேங்க," என்றாள் மெதுவாக. அவர் வண்டிக் கண்ணாடியில் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

பந்தியில் சகலை வடிவேலிடம் அவர் குரல் ஓங்கியே கேட்டது. "கிளட்ச் நல்லதா இருந்தா போதும் சகல. மீதியெல்லாம் கைப்பழக்கம். கலாவையே கேளேன்."

"ஆமாம், தரையில காலே வெக்கல," என்றாள் சந்திரகலா பெருமையாக.

எதிர் இலையில் ஊர்க்காவல் படைச் சீருடையில், டூட்டியிலிருந்து நேரே வந்திருந்த ஹேமலதாவின் தோழி செந்தமிழ்ச்செல்வி, புளிசாதத்தை அப்படியே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க திரும்பிப் போறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தவளக்குப்பத்துல இப்ப எனக்குப் பதிலா டிராபிக் பாக்குறவரு புதுசு, உங்க வண்டி வந்தா மத்த பக்கமெல்லாம் நிறுத்திடணும்னு அவருக்குத் தெரியாது."